மண்டி போன வழி

திங்கட்கிழமை நோன்பு பிடித்திருக்கும் ஒரு பெண்ணை வைன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், "மோந்தாவது பாருங்க மிஸ்" என்று கெஞ்சினால் அவள் என்னதான் செய்வாள்? ஜிப்ரியா முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மோந்தும் பாக்க மாட்டேன், குடிச்சும் பாக்க மாட்டேன். கண்ணு ரெண்டு இருக்கு, அது போதும். விஷயத்தைச் சொல்லுங்க துஷாந்த்."

"மிஸ்ஸுக்குப் பதிலா நான் குடிச்சுப் பாக்கவா?" என்று கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டாள் அழகம்மா.

"நீங்க ஓட்டோ ஓட்டணும் அக்கா," என்றாள் ஜிப்ரியா.

"அதான பாத்தேன். நல்ல வேலை வர்றப்ப மட்டும் நான் டிரைவர்."

ஜிப்ரியா ஒரு காப்புறுதிக் கம்பனியின் ஹட்டன் கிளையில் பன்னிரண்டு வருடம் விசாரணை அதிகாரியாக இருந்தவள். எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு, உடன்பிறந்த நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசையும் மூன்று கதிரையும் போட்டு, தனியார் விசாரணை என்று பலகை மாட்டியிருந்தாள். அழகம்மா இருபது வருடம் கொழுந்து பறித்துவிட்டு, ஐம்பது வயதில் சிவப்பு ஓட்டோ ஒன்றுக்குச் சொந்தக்காரியானவள். வாடகைக்கு வந்தவள் அப்படியே உதவியாளராகிவிட்டாள். யாரும் நியமிக்கவில்லை.

இன்றைய வழக்கு, ஹேதர்க்ளென் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில். இப்போது அது ஹோட்டல். துஷாந்த் அங்கே வைன் நிபுணன். கீழே புகை தெரிகிற தொழிலாளர் லயத்தில் பிறந்து, கப்பலிலும் டுபாயிலுமாகப் பத்து வருடம் வைனைப் படித்து, பரிமாறி, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் பிறந்த மலைக்கே வேலைக்குத் திரும்பி வந்தவன். சனிக்கிழமை மாலை, விருந்தினர்கள் கண்ணாடிக் கோப்பையோடு காத்திருக்க, ஆசை ஆசையாக ஒரு போத்தலைத் திறந்தான். வந்தது அவனுடைய வைன் இல்லை. பெட்டியில் மிச்சமிருந்த பதினொன்றையும் எடுத்துப் பார்த்தார்கள். அவையும் அப்படியே. மூடிகளெல்லாம் புதிதாக அடித்தவை. நேற்று குசினியில், எல்லார் முன்னாலும், மனேஜர் தனுஜா சொல்லிவிட்டாள்: "நல்லதை வித்துட்டு மலிவானதை ஊத்தி வச்சிருக்கான் கள்ளன்." இன்று மாலை நான்கு மணிவரைக்கும் தவணை. அதற்குப் பிறகு பொலிஸ்.

"பொலிஸுக்குப் பயமில்ல மிஸ்," என்றான் துஷாந்த். "எங்கம்மா இன்னும் இந்த மலையிலதான் கொழுந்து எடுக்குது. நாளைக்குக் காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கூப்பிடுறப்ப எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. கள்ளனோட அம்மான்னு. அதை நெனச்சாத்தான்..."

"சரி. உங்க வைன் எப்பிடி இருக்கணும்?"

அவ்வளவுதான். கேட்ட மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது. கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். கோப்பைக்குள் சிவப்பாக, கலங்கலாக, மழைநாளின் ஆறுபோல ஒன்று.

"இதுதான் மிஸ்! திராட்சையோட தோல்ல இருக்குற ஈஸ்டே இதைப் பொங்க வைக்குது. வேற மருந்து மாயம் ஒண்ணும் இல்ல. வடிக்கிறதும் இல்ல. மத்த வைனெல்லாம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வர்ற பிள்ளைங்க. இது எந்திரிச்ச கோலத்துலயே வரும். இட்ஸ் எ லிவிங் வைன். உயிரோட இருக்கு!"

"உயிரோடவா?" அழகம்மா எட்டிப் பார்த்தாள். "அப்பறம் ஏன் தம்பி மூடி போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க? மூச்சு முட்டாதா?"

"முட்டும்க்கா! அதான் தொறக்கிறப்ப டப்புன்னு ஒரு மூச்சு விடும்!" கேலி என்றுகூட அவனுக்குப் புரியவில்லை.

நான்கு மணிக்குப் பொலிஸ் வரப்போகிறது, இவன் போத்தல் மூச்சுவிடுவதைப் பற்றிப் பேசுகிறான். களவெடுத்தவன் இப்படிப் பேசமாட்டான் என்று ஜிப்ரியாவின் மனம் சொன்னது. மனம் சொல்வதை அவள் உடனே நம்பிவிடுவதில்லை. தானே கொளுத்திய கடையின் முன்னால் உண்மையான கண்ணீர் விட்டு அழுத ஒரு முதலாளியை அவள் பார்த்திருக்கிறாள். அன்பு ஒரு சாட்சி இல்லை. அவள் பதினொரு போத்தல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினாள்.

கரும்பச்சைக் கண்ணாடி. வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தபோதுதான் உள்ளே இருப்பது தெரிந்தது. தெளிந்த சிவப்பு. தூசுகூட இல்லை. ஜிப்ரியா குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிசையின் ஓரத்திலிருந்து பார்த்தாள்.

"எல்லாம் ஒரு விரல் குறையுது."

"சனிக்கிழமை கலரைப் பாத்ததுமே எனக்குத் தலை சுத்திரிச்சு மிஸ். மட்டத்தை எங்க பாக்குறது?"

"கள்ளன் கஞ்சனா இருப்பான்," என்றாள் அழகம்மா.

"பதினொரு போத்தல்லயும் ஒரே அளவு கஞ்சத்தனமா? மலிவானதை ஊத்துறவன் கழுத்து முட்ட ஊத்துவான் அக்கா. அவனுக்கென்ன நட்டம்? இது மாத்தின வைன் இல்ல." அவள் நிமிர்ந்தாள். "அதே வைன்தான். யாரோ வடிச்சிருக்காங்க. அடியில கிடந்த மண்டி போச்சு, துணி கொஞ்சம் குடிச்சிரிச்சு. அதான் அந்த ஒரு விரல்."

துஷாந்த் மெதுவாகப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். கள்ளன் என்று சொல்லக் கேட்டபோதுகூட அவன் முகம் இப்படி ஆகியிருக்காது.

"வடிச்சாங்களா?"

"எல்லாரும் வைன் எங்க போச்சுன்னு தேடுறாங்க. நாம மண்டி எங்க போச்சுன்னு தேடுவோம். நீங்க எப்ப கடைசியா லீவு?"

"வியாழக்கிழமை. பல்லு பிடுங்க ஹட்டனுக்குப் போனேன். ஆனா சாவி என்கிட்ட மட்டும்தான் மிஸ்."

"அப்பிடின்னு நீங்க நெனைக்கிறீங்க," என்றாள் ஜிப்ரியா.

வெளியே வந்ததும் அழகம்மா குரலைத் தாழ்த்தினாள். விசாரணையில் அவளுடைய பங்கு இதுதான். கேட்காமலே ஊர் விஷயம் வரும். "வடிகட்டின்னா இந்தப் பங்களாவுல ஒரே ஆளுதான் மிஸ். சோலைமலை ஐயா. பெக்டரியில டீமேக்கரா இருந்து பென்சன் வாங்கினவர். இங்க கெஸ்டுக்கு டீ ருசி பாக்கச் சொல்லிக் குடுக்குறார். முந்தி அவரைச் சுத்தித்தான் கூட்டம். இந்தத் தம்பி வந்த பெறகு எல்லாம் அந்தப் பக்கம் போயிரிச்சு. ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசுறதில்லயாம்."

சோலைமலை வெள்ளை மேலங்கியோடு நீண்ட மேசைக்குப் பின்னால் நின்றார். முன்னால் இருபது வெள்ளைக் கோப்பைகள். சுவரில் விதவிதமான வடிகட்டிகள் தொங்கின. அழகம்மா அவற்றைக் கண்ணால் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

"துஷாந்தோட போத்தலை நீங்க பாத்திருக்கீங்களா ஐயா?"

"ஒரு தடவ காட்டினான். சேத்துத் தண்ணி மாதிரி இருந்திச்சு."

"அதான் வடிச்சிட்டீங்களா?"

கிழவருக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரித்துவிட்டார். மேசை ஓரத்திலிருந்த ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். உள்ளே தேநீர், ஒரு துளி பால் விட்டதுபோலக் கலங்கியிருந்தது.

"இது காலையில ஊத்தின டீ. பால் கெடையாது. ஊத்துறப்ப கண்ணாடி மாதிரி இருந்திச்சு. ஆறினதும் கலங்கிரிச்சு. கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறீங்கதானே?"

"ஆமா."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைப்பாங்க. ஆறினா இப்பிடிக் கலங்கணும்மா. அப்பத்தான் அதுல சரக்கு இருக்குன்னு அர்த்தம். கலங்காத டீ வெறும் சாயத்தண்ணி. இதைச் சொல்லிச் சொல்லியே நாப்பது வருசம் சண்டை போட்டவன் நான். நானா போய் அவன் மண்டியில கை வைப்பேன்?" கதவைப் பார்த்துக்கொண்டு குரலை இறக்கினார். "அந்தப் பய சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிராதீங்க. ஏற்கனவே தலைக்கனம்."

வெளி வராந்தாவில் அழகம்மா பெருமூச்சு விட்டாள். "இருந்த ஒரே சந்தேக ஆளும் போயிட்டார். இப்ப மணி ஒண்டரை. வெறும் வயித்துல எனக்கு மூளை வேலை செய்யாது மிஸ். உங்களுக்கு எப்பிடியோ."

"எனக்கு வெறும் வயித்துலதான் வேலை செய்யுது. வாங்க, குசினிக்குப் போவோம்."

குசினியில் மூக்கன் நின்றார். பத்தொன்பது வயதில் பாத்திரம் கழுவ வந்து, துரைமார் மூன்று பேருக்குச் சமைத்து, பங்களா ஹோட்டலான பிறகும் அடுப்பை விட்டு நகராத சமையல்காரர். துரை பங்களாச் சமையல்காரரை அப்பு என்று கூப்பிடுவது பழைய வழக்கம். ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்துலயும் ஆப்பமா அண்ணே?"

"வெள்ளிக்கிழமையில இருந்து மூணு வேளையும் இதுதாம்மா கேக்குறாங்க. அப்பிடி அமைஞ்சு போச்சு மாவு. உக்காருங்க."

அழகம்மா இரண்டாம் முறை சொல்ல வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டில் விழ விழ மறைந்துகொண்டிருந்தது. ஜிப்ரியா எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வேறென்ன செய்வது? சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைப் பார்ப்பதில்லை என்பது நோன்பு நாட்களில்தான் அவளுக்குத் தெரியவரும். பசி கண்ணுக்கு வந்துவிடும். ஒரு ரொட்டியின் சுட்ட புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கும். இப்போது அவள் கண் ஆப்பத்தின் மொறுமொறுத்த ஓரத்தில் ஆரம்பித்து, சல்லடையான சரிவில் இறங்கி, மெத்தென்ற நடுவுக்கு வந்து நின்றது. நடு வெள்ளையாக இல்லை. யாரோ ஏதோ சொல்லி அது வெட்கப்பட்டதுபோல, மெல்லிய ரோஸ்.

"அக்கா, கடிக்காதீங்க."

அழகம்மா ஆறாவது ஆப்பத்தோடு உறைந்தாள். "அஞ்சு உள்ள போயிரிச்சே மிஸ். விஷமா?"

"மூக்கன் அண்ணே, இந்த மாவை எதுல பொங்க வச்சீங்க?"

"மண்டியில," என்றார் மூக்கன், உப்பு என்று சொல்வதுபோல. "வைன் போத்தல் அடியில கெடந்திச்சு. ஒரு கோப்பை வந்திச்சு. மோந்து பாத்தா மாவைத் தூக்கிவிடுற வாடை. வீணாக்குவானேன்னு கரைச்சு விட்டேன். தெனம் பழைய மாவுல ஒரு கரண்டி எடுத்து வச்சு அடுத்த மாவுக்கு விடுறேன். ராத்திரிக்குள்ள பானையைத் தாண்டி வருது."

"அப்ப வைனை வடிச்சது..."

"நாந்தான். வியாழக்கெழமை. இஞ்சி பியருக்கு மூடி அடிக்கிற மெசின் இங்கயே இருக்குதுல்ல, திரும்ப அடைச்சு வச்சிட்டேன்."

"ரூம் சாவி?"

மூக்கன் இடுப்பிலிருந்து ஒரு வளையத்தை உருவினார். முப்பது சாவியாவது இருக்கும். "இந்த வீட்டுல எந்தப் பூட்டுக்கும் ரெண்டாஞ் சாவி அப்புகிட்ட இருக்கணும். வெள்ளக்காரத் தொர காலத்துச் சட்டம். யாரும் மாத்தலையே."

ஜிப்ரியா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பயமோ தந்திரமோ அங்கே தென்படவில்லை. "நேத்து இங்க வச்சுத்தானே அந்தப் பிள்ளையைக் கள்ளன்னு சொன்னாங்க? நீங்க ஏன் வாயைத் தொறக்கல?"

"மனேஜர் தொரசாணி வைனை வித்தாச்சுன்னு சொன்னாங்க. யாரு வித்தான்னு எனக்குத் தெரியாதே. நான் செஞ்சது சுத்தம் பண்ணினது. அது வேற, களவு வேற இல்லீங்களா? வடிச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் மொத ஆளு."

"ஏன் வடிச்சீங்க?"

மூக்கன் அகப்பையை நீட்டிக் கதவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஜிப்ரியா கிட்டப் போய் வாசித்தாள். அடியிலிருந்த கையெழுத்தை மட்டும் இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு ஓரம் கிழியாமல் மெல்ல உரித்தெடுத்தாள்.

"மிஸ்," அழகம்மாவின் குரல் பின்னாலிருந்து பலவீனமாக வந்தது. "போற வழியில பொலிஸ் மறிச்சு ஊதச் சொன்னா நான் என்னான்னு சொல்றது? ஆப்பம் தின்னேன்னு சொன்னா நம்புவாங்களா?"

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தனுஜா கைத்தொலைபேசியோடு குசினிக்கு வந்தாள். அவளுடைய அலுவலகத்தில் பேச ஜிப்ரியா சம்மதிக்கவில்லை. நேற்றுச் சொன்ன இடத்திலேயே இன்றும் பேசலாம் என்றாள். பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்களும் தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றார்கள். சோலைமலை தற்செயலாக வந்தவர்போலக் கதவோரம் நின்றார். துஷாந்த் தலையைத் தூக்கவில்லை.

"உங்க வைன் ஒரு சொட்டும் வெளிய போகல மேடம்," என்று ஆரம்பித்து, விரல் அளவையும் ஆப்பத்தின் நிறத்தையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள் ஜிப்ரியா. "வடிச்சது மூக்கன் அண்ணன்."

"மூக்கனா?" தனுஜா திரும்பினாள். "யாரைக் கேட்டு வடிச்ச? நாளையில இருந்து நீ..."

"பொறுங்க. யாரைக் கேட்டுன்னு நான் வாசிக்கிறேன்." ஜிப்ரியா தாளை விரித்தாள். "'மழையினால் குழாய்த் தண்ணீர் கலங்கி வருகிறது. வெள்ளிக்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வருகிறார். தண்ணீர், எண்ணெய், ஜூஸ், போத்தலில் உள்ள வேறு எதுவானாலும், கலங்கலாகவோ அடியில் மண்டியோடோ இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வடிக்கவும். விதிவிலக்கு இல்லை.' கையெழுத்து, மனேஜர். புதன்கிழமைத் திகதி."

தனுஜா எட்டித் தாளைப் பார்த்தாள்.

"நான் தண்ணியைத்தான்..." என்றாள் தனுஜா.

"வேறு எதுவானாலும்னு போட்டிருந்திச்சே தொரசாணி," என்றார் மூக்கன். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "ஒவ்வொரு போத்தலாத் தூக்கி ஜன்னல்ல பிடிச்சுப் பாத்தேன். வினாகிரி, சீனிப்பாணி எல்லாம் வடிச்சேன். இந்தத் தம்பியோட போத்தல்லதான் ரொம்ப அழுக்கு. பரிசோதகர் கண்ணுல பட்டா பிள்ளைக்கு வேலை போயிருமேன்னு, துணியை நாலா மடிச்சு, ரெண்டு தடவ வடிச்சேன்."

"ரெண்டு தடவையா!" என்றான் துஷாந்த், அடி விழுந்தவன்போல.

தனுஜா கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். முகம் சிவந்திருந்தது. "ஐ ஆம் சொறி துஷாந்த். லெட்ஸ் ஃபர்கெட் திஸ்." சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடந்தாள்.

"தமிழ்ல சொல்லுங்க மேடம்," என்றான் துஷாந்த்.

அவள் நின்றாள்.

"நேத்துக் கள்ளன்னு சொன்னது தமிழ்லதானே. இவங்க எல்லாருக்கும் வெளங்கிச்சு. இதுவும் வெளங்கணும்."

இம்முறை அவன் தலை நிமிர்ந்திருந்தது. தனுஜா அந்த இரண்டு பெண்களையும் பார்த்தாள். அவர்கள் கீழே பார்க்கவில்லை.

"துஷாந்த் களவெடுக்கல," என்றாள். "என்னோட ஓடர். என்னோட பிழை. மூக்கன்ட பிழையும் இல்ல."

அது போதும். அந்தப் பெண்கள் இருவரும் ஐந்து மணிக்கு லயத்துக்கு இறங்குவார்கள். விடிந்து பெரட்டுக்கு ஆள் சேரும்போது மலை முழுவதும் அது போயிருக்கும் என்று ஜிப்ரியா கணக்குப் போட்டாள். எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"நீயும்தான் தம்பி," என்றார் மூக்கன்.

துஷாந்த் திரும்பினான். "நானும் என்னாண்ணே?"

"தமிழ்ல சொல்லு. எட்டு மாசமா இந்த ஜன்னல் வழியாப் பாக்குறேன். வெள்ளக்காரங்களுக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ற. ஒரு நாளாவது உள்ள வந்து, அண்ணே அது அழுக்கில்லன்னு சொல்லியிருந்தா, நான் துணியைத் தொட்டிருப்பேனா?"

ஜிப்ரியாவுக்கு அந்தக் கேள்வி தன் பக்கமும் திரும்பியதுபோல இருந்தது. பன்னிரண்டு வருடம் அவள் எழுதிய அறிக்கைகள் அத்தனையும் ஆங்கிலத்தில். கடை எரிந்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள்? கேட்டுப் பார்க்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றியதில்லை. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

துஷாந்த் சொல்ல ஆரம்பித்தான். வழக்கமாக ஓடுகிற வாய் தடுமாறியது. கை மட்டும் பழக்கத்தில் காற்றில் ஒரு கோப்பையைச் சுழற்றியது.

"அது வந்துண்ணே... அந்த மண்ணோட குணம் அதுல இருக்கும். யாரும் எதையும் போட்டுப் பொங்க வைக்கிறதில்ல. தன்னால பொங்கும். ஒரு நாள் இருக்குற ருசி மறுநாள் இருக்காது. வடிச்சா உயிர் போயிரும். கலங்கலாத்தான் இருக்கும், லேசாப் புளிக்கும், நுரைக்கும், அடியில மண்டி நிக்கும். அதோட சேத்துக் குடிக்கணும்..."

மூக்கன் அகப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, புதுச் சமையல் ஒன்றைக் கேட்பதுபோலக் கேட்டார். பாதியிலேயே அவர் கண்கள் விரிந்தன.

"அட! கித்துள் கள்ளு!"

துஷாந்த் வாயைத் திறந்தான். பத்து வருடப் படிப்பும் எழுதிய பரீட்சைகளும், மனப்பாடமாக வைத்திருக்கும் வெளிநாட்டுக் கிராமங்களின் பெயர்களும் வரிசையாக அவன் நாக்குவரை வந்து நிற்பதை ஜிப்ரியா பார்த்தாள். கதவோரம் சோலைமலை இருமினார். அழகம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாண்ணே," என்றான் கடைசியில். "கித்துள் கள்ளுதான்."

மூக்கனுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடா தம்பி? கள்ளை எவனாவது வடிப்பானா?"